எர்ணாகுளம் போய்வந்தவள்

நான் கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தபோது என் சீர்சாமான்களில் புத்தகம் என்று ஒன்றுகூட இல்லை. பாலக்காட்டில் எங்கள் அத்தா என்னை எட்டாம் வகுப்புவரை தமிழ் படிக்க வைத்திருந்தார். ராவுத்தர் வீடுகளில் ஐம்பதுகளில் அதுவே அதிகம். அதற்குமேல் பெண்பிள்ளைக்குப் படிக்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் பலசரக்குக் கடை. வீடு கடைக்குப் பின்னால் இருந்த சந்தில். நாங்கள் இருவர், அவருடைய அம்மாவான என் மாமி, அவ்வளவுதான் குடும்பம். மாமனார் நான் வருவதற்கு முன்பே மவுத்தாகியிருந்தார். சந்தில் கொங்கணிக்காரர்கள், குஜராத்திகள், கட்ச் பக்கத்துக் கச்சிக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். வாசலில் நின்றால் ஒரே நேரத்தில் நாலைந்து பாஷை காதில் விழும். தமிழ் எங்கள் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் மட்டும்தான். அடுத்த வீட்டுக்காரர் முனிசிபாலிட்டியில் வேலை பார்த்தார். அவருடைய அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

கடையில் பொட்டலம் மடிக்கப் பழைய காகிதம் கட்டுக்கட்டாக வரும். பெரும்பாலும் மலையாளப் பத்திரிகைகள். கோயம்புத்தூரிலிருந்து சரக்கோடு வரும் கட்டுகளில் மட்டும் தமிழ் வாரப் பத்திரிகைகளின் தாள்கள் கலந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு வரும் சீரகமும் பருப்பும் அந்தத் தாள்களில் வந்தன. சாமானை டப்பாவில் கொட்டிவிட்டு, தாளை முழங்காலில் வைத்து நீவி, அடுப்படியிலேயே உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். சத்தமாகப் படித்தது மாமிக்காக. மாமிக்கு அரபு எழுத்தில் எழுதிய தமிழை வாசிக்கத் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. வெங்காயம் உரித்துக்கொண்டோ மீன் அலசிக்கொண்டோ கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் கொத்தமல்லிப் பொட்டலத்தில் ஒரு கதையின் முன்பாதி வந்தது. ஒரு பெண் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அப்பாவிடம் சொல்லாமல் ரயில் நிலையத்துக்குப் போகிறாள். ரயில் வந்து நிற்கிறது. அவள் பெட்டியைக் கையில் எடுக்கிறாள். அங்கே தாள் முடிந்துவிட்டது.

"பின்னே?" என்றார் மாமி.

"பின்னே இல்ல மாமி. தாள் இவ்வளவுதான்."

"அதெப்படி? அவ ஏறினாளா இல்லையா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"நீதானே புள்ளே வாசிச்சே!"

மாமியின் முகத்தில் இருந்தது நிஜமான கோபம். அதைத் தணிக்க வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் ஏறினாள் என்றேன். பெட்டி கனமாக இருந்ததால் அதை மேடையிலேயே போட்டுவிட்டு ஏறினாள். எதிரே ஒரு கிழவி முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். இவளுக்கும் ஒன்று கொடுத்தாள்.

"கெழவிக்கு எங்க போகணுமாம்?"

"ஷொர்ணூருக்கு."

"அங்க அவளுக்கு யாரிருக்கா?"

கிழவிக்கு ஷொர்ணூரில் ஒரு சாயாக்கடை இருந்தது. கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கணக்கும் தெரியும், தோசையும் சுடத் தெரியும். மாமி கேட்கக் கேட்க எனக்குச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. சோற்றுக் கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

சில வாரங்கள் கழித்துத் துவரம்பருப்பைச் சுற்றி வந்த தாளில் அந்தக் கதையின் மீதிப் பாதி இருந்தது. அந்தப் பெண் ரயில் ஏறவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் நல்லபுத்தி சொல்ல, வீட்டுக்குத் திரும்பி அப்பா காலில் விழுகிறாள். நான் படித்து முடிக்கும்வரை மாமி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். பிறகு, "இதை எழுதினவனுக்கு விஷயம் தெரியல. அவ ஷொர்ணூர்ல எறங்கியாச்சு" என்றார்.

நான் சிரித்தேன். அன்று முழுவதும் வேலை செய்யும்போது அந்த வாக்கியம் ஞாபகம் வந்து மறுபடி மறுபடி சிரித்தேன். எழுத வேண்டும் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.

எழுத ஆரம்பித்தது அறுபதுகளில், மகள் பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு. அவள் படித்தது மலையாளம். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னால் ஓடிவிடுவாள். அவளுக்குக் கோடு போட்ட தாள் வாங்கிய அன்று எனக்கும் கொஞ்சம் வாங்கி வரச் சொன்னேன்.

"உனக்கு எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"கதை எழுத."

"எழுதிக்கோ" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தாலும் அதே குரலில்தான் பதில் சொல்லியிருப்பார்.

மத்தியானம் லுஹர் தொழுது, சாப்பிட்டு, மாமி கண்ணயரும் நேரம் எனக்குக் கிடைத்தது. மகள் வரும்வரை பின்கட்டுக் கதவோரம் பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவேன். பக்கத்துப் பண்டகசாலையில் சுக்கு காயப்போட்டிருக்கும் வாசனை வந்துகொண்டே இருக்கும். முதலில் எழுதியவையெல்லாம் பொட்டலத் தாள்களில் படித்ததைப் பார்த்து எழுதியவை. அவற்றில் எல்லோரும் மெட்ராஸில் பங்களாவில் இருந்தார்கள், கார் ஓட்டினார்கள், டெலிபோனில் பேசி அழுதார்கள். நான் டெலிபோனைக் காதில் வைத்ததே கிடையாது. மெட்ராஸ் பத்திரிகைகள் அவற்றைத் திருப்பி அனுப்பின. அது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

பிறகு எங்கள் சந்தில் இருக்கக்கூடிய ஒரு பெண்ணை வைத்து எழுதினேன். அவள் புருஷன் வெற்றிலைக் கடைக்காரன். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன், மீன்கறியில் உப்பே இல்லை என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிட்டுப் போகிறான். அவள் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். உப்பு சரியாகத்தான் இருக்கிறது. கையைக் கழுவுகிறாள், வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொள்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் படகுத்துறைக்கு நடக்கிறாள். எர்ணாகுளத்துக்குப் படகேறுகிறாள். அக்கரையில் தண்ணீரைப் பார்த்த கல்பெஞ்சில் உட்கார்ந்து நன்னாரி சர்பத் குடிக்கிறாள். கப்பல்களைப் பார்க்கிறாள். சாயங்காலம் திரும்பிவிடுகிறாள். ராத்திரி புருஷன் அதே கறியைச் சாப்பிட்டுவிட்டு, "இப்பத்தான் உப்பு சரியா இருக்கு" என்கிறான். அவள் இன்னொரு கரண்டி ஊற்றுகிறாள். அவ்வளவுதான் கதை.

இப்போது சொல்லும்போது எளிதாக இருக்கிறது. எழுதும்போது படகில் சிக்கிக்கொண்டேன். அவள் படகில் உட்கார்ந்து அழுவாள் என்றுதான் நான் வைத்திருந்தேன். கதைகளில் பெண்கள் தனியாக உட்கார்ந்தால் அழுதார்கள். 'அவள் கண்களில்' என்று எழுதிவிட்டேன். மேலே போகவில்லை. அந்த இரண்டு சொற்களையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு அவற்றை அடித்துவிட்டு, 'அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரப் பலகைமேல் வெறுங்காலை வைத்துக்கொண்டாள்' என்று எழுதினேன். அப்படி எழுதுவேன் என்று எனக்கு முன்னால் தெரியாது. அவள் கழற்றினாள், நான் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

மாமி விழித்துக்கொண்டார். "என்ன புள்ளே?"

"ஒண்ணுமில்ல மாமி. ஒருத்தி செருப்பைக் கழட்டிட்டா."

"எவ?"

"படகுல எர்ணாகுளம் போறவ."

"தனியாவா?"

"ஆமா."

மாமி எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "ஆரம்பத்துல இருந்து சொல்லு" என்றார். எழுதியிருந்தவரை படித்துக் காட்டினேன். அன்று மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பசிக்கிறது என்று பின்கட்டில் நின்று கத்திய பிறகுதான் இருவரும் எழுந்தோம்.

இந்தச் செருப்பு விஷயம் மாதிரி ஒன்று எழுதும்போது நடந்துவிட்டால், பிறகு அந்தக் கதை என்ன ஆனாலும் பரவாயில்லை என்று இருக்கும். அன்றைக்குத் துணி துவைத்தது, மாவு அரைத்தது ஒன்றுமே பாரமாகத் தெரியவில்லை. கடையிலிருந்து வந்த வீட்டுக்காரர், "என்ன, ஊரிலிருந்து யாரும் வராங்களா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

கதையை ஒரு மெட்ராஸ் பத்திரிகை போட்டுவிட்டது. மழைக்காலத்தில் தபாலில் ஒரு பிரதி வந்தது. என் பெயரை அப்படியே போட்டிருந்தார்கள். நான் புனைபெயர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. மட்டாஞ்சேரியில் ஒரு விஷயத்தை ஒளித்துவைக்க வேண்டுமானால் தமிழில் எழுதினாலே போதும் என்று நினைத்தேன். கதைக்குப் படம் போட்டிருந்தார்கள். கொண்டையில் பூவைச் சுற்றிய ஒரு பெண், கட்டுமரம் மாதிரி ஒன்றில் நின்றுகொண்டிருந்தாள்.

மாமி படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இது யாரு?"

"இவதான் மாமி அவ."

"இவளல்ல" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்காரர் கதையே படிக்காதவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டு, பாயில் உட்கார்ந்து அதைப் படித்தார். மெதுவாகப் படித்தார். நான் அடுப்படியில் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். படித்து முடித்துப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் கழித்துக் காலையில் கடைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"நீ எப்பப் போனே?"

"எங்க?"

"எர்ணாகுளத்துக்கு."

"நான் எங்க போனேன்? அது கதை."

"கதை சரி. போகாம இதெல்லாம் எப்படித் தெரியும்? நடுவுல இருக்கிற ஐலண்டு தாண்டினா காத்து மாறும்னு எழுதியிருக்கே. துறை வரும்போது எஞ்சின் சத்தம் நின்னு, தண்ணிச் சத்தம் மட்டும் கேட்கும்னு எழுதியிருக்கே."

"உங்ககூட வந்திருக்கேனே, ஆஸ்பத்திரிக்கு."

"அன்னைக்கு உனக்கு ஜுரம். கண்ணே தெறக்கல நீ."

"கண்ணுதானே தெறக்கல" என்றேன்.

அவர் நம்பவில்லை. கோபம் இல்லை, மனசு சங்கடப்பட்ட மாதிரி இருந்தது. வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "நான் எப்ப உப்பில்லைன்னு தட்டைத் தள்ளினேன்?"

"நீங்க தள்ளல. அவன் வெத்திலைக் கடைக்காரன். உங்களுக்குப் பலசரக்குக் கடை."

உள்ளேயிருந்து மாமி குரல் கொடுத்தார். "அவ எங்கயும் போகலடா. நான் இங்கதானே கெடக்கேன், எனக்குத் தெரியாதா?"

அம்மாவின் சாட்சியத்துக்குப் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. அப்புறமும் நின்றுகொண்டிருந்தார். "அப்ப இங்கயே சும்மா உட்கார்ந்துட்டு இதெல்லாம்…" என்று பாதியில் நிறுத்தி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவர் கடைத் தராசில் ஏதாவது தானாகவே ஏறி உட்கார்ந்திருந்தால் அப்படிப் பார்த்திருப்பார். பத்திரிகைக்காரர்கள் பிற்பாடு என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதியதுண்டு. அந்தப் பாதி வாக்கியத்துக்கு அவை ஈடாகவில்லை.

அடுத்த வீட்டு அக்காவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். பத்திரிகையை வாங்கிப் போய் ஒரே மூச்சில் படித்துவிட்டு, முனிசிபாலிட்டிக் குழாயடியில் தண்ணீருக்குக் காத்திருந்த பெண்களிடம் கதையை மலையாளத்தில் சொல்லியிருக்கிறார். மாமியும் தன் பங்குக்குப் போகிற வீடுகளிலெல்லாம் சொன்னார். எனக்கு இது தெரியும். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

எங்கள் சந்துக்குத் தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் ஒரு சேச்சி இருந்தாள். வைப்பின் தீவுப் பக்கத்துக்காரி, நல்ல உடம்பு, உரத்த குரல். எங்கள் வீட்டுக்கு வந்தால் மலையாளத்தில் பாதித் தமிழைக் கலந்து பேசுவாள். மழை விட்டிருந்த ஒரு காலையில் கூடையை இறக்கி வைத்ததும் ஆரம்பித்தாள்.

"மோளே, கேட்டியா விசேஷம்? பக்கத்துக் கல்வத்தியில ஒரு பெண்ணு. கெட்டியோன் மீன்கறிக்கு உப்பு போரான்னு சொன்னதுக்கு வீட்டப் பூட்டிட்டு எர்ணாகுளத்துக்குப் போயிட்டா!"

மீனுக்கு நீட்டிய சட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். "அப்படியா சேச்சி?" என்றேன்.

"பின்னே! அந்த வீட்டுக்கு நானல்லே மீன் கொடுக்கறது. அன்னைக்கும் எண்ட அயிலைதான். நல்ல பிடைச்சுத் துள்ளுற அயிலை. உப்பு இல்லேங்கில் அதுக்கு மீன் என்ன செய்யும்?"

தன் மீனுக்கு வந்த பழியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்தப் பெண் எப்படி இருப்பாள் என்று கேட்டேன். கொஞ்சம் வெளுத்த நிறம், இடது காலைச் சாய்த்து நடப்பாள், மூத்த பிள்ளைக்கு வாத்தியார் ஆகவேண்டும் என்று ஆசை. எல்லாம் சொன்னாள். சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது, புருஷன் கஞ்சி வைக்கப் போய்ப் பானையைக் கரிய விட்டு, வீடெல்லாம் புகையாக இருந்ததாம்.

உள்ளே தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த மாமி வெளியே வந்துவிட்டார். "கஞ்சியா? யாரு சொன்னா? அவன் கஞ்சி ஒண்ணும் வெக்கல. படகு ஜெட்டியில போய் உட்கார்ந்திருந்தான். வர்ற படகெல்லாம் எட்டி எட்டிப் பார்த்துட்டிருந்தான்."

"ஏய், அல்ல உம்மா. வீட்டில்தான் இருந்தான். புகை நாலு வீட்டுக்குப் போச்சு. ஆளுக கண்டிருக்கு."

"ஆளுக கண்டா? ஜெட்டியில அவன் உட்கார்ந்ததக் கண்ட ஆளு எனக்குத் தெரியும்."

"உம்மாக்கு எந்த ஆளு சொன்னான்?"

"உனக்கு எந்த ஆளு சொன்னான்?"

இரண்டு பேரும் விடுவதாக இல்லை. நான் மீன்சட்டியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். இரண்டுமே என் கதையில் கிடையாது. என் கதையில் அந்த ஆள் கடையில்தான் இருந்தான், அவள் போனதே அவனுக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் பேசப் பேச எனக்குப் புகையும் தெரிந்தது, ஜெட்டியில் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளும் தெரிந்தான். பின்கட்டுக் கதவோரம் பலகையை மடியில் வைத்து நான் கிறுக்கிய ஒருத்தி, தண்ணீரைத் தாண்டி வைப்பின் போய், அங்கிருந்து மீன்கூடையோடு எங்கள் வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறாள். காலைச் சாய்த்து நடக்க வேறு கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள்.

கடைசியில் சேச்சி என் பக்கம் திரும்பினாள். "மோளு பற. எது சரி?"

"எனக்குத் தெரியாது சேச்சி" என்றேன். அந்த நிமிஷத்தில் அது பொய்யாகவும் இல்லை.

அவள் போன பிறகு மாமியிடம் கேட்டேன். "மாமி, அவன் ஜெட்டியில இருந்ததா நான் எழுதலையே?"

"நீ எழுதல" என்றார் மாமி. "அவன் இருந்தான்." தஸ்பீஹை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வருஷம் மழை ஓய்ந்த பிறகு ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரர் சொன்னார். "நீ ஒரு நாள் எர்ணாகுளம் போயிட்டு வாயேன்."

"எதுக்கு? யாருக்கு உடம்புக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. கடைக்கு வர்றவன் எல்லாம் சொல்றான், யாரோ ஒருத்தி போயிட்டு வந்தாளாம்னு. நானும் ஆமா ஆமான்னு கேட்டுட்டு நிக்கறேன். போகாதவ நீ மட்டும்தான்."

"தனியாவா?"

"அவ தனியாத்தானே போனா?"

மாமியைப் பார்த்தேன். மாமி, "வர்றப்ப எனக்குக் கொஞ்சம் அல்வா" என்றார்.

ஒரு வியாழக்கிழமை, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு இறங்கினேன். கடைவீதியில் வண்டிகளும் மூட்டைகளும் வழியை அடைத்திருந்தன. படகுத்துறையில் படகு நின்றுகொண்டிருந்தது. நேராகப் போய்க் காலை வைத்தேன். படகுக்காரன் கையை நீட்டி மறித்தான்.

"டிக்கெட்டு எவிடே?"

என் கதையில் அவள் படகில் உட்கார்ந்த பிறகு ஒரு ஆள் வந்து டிக்கெட் கொடுப்பான். அவன் கை மசியும் அவன் கேட்ட ஒரு கேள்வியும்கூட எழுதியிருந்தேன். உண்மையில் டிக்கெட்டைக் கரையிலேயே ஒரு ஜன்னலில் வாங்க வேண்டும். அன்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வரும்போதும் வீட்டுக்காரர் வாங்கியிருக்கிறார். ஜுரத்தில் எனக்குத் தெரியவில்லை. ஜன்னலைத் தேடிப் போய் வாங்கி வருவதற்குள் படகு போய்விட்டது. அடுத்த படகுக்காகத் துறையில் நின்றபோது, துப்பட்டிக்குள் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மெட்ராஸில் பத்திரிகை ஆசிரியர் முதல் சேச்சிவரை ஒருவர்கூட இதைக் கண்டுபிடிக்கவில்லையே!

படகில் பெண்கள் பெஞ்சில் ஓரமாக இடம் கிடைத்தது. படகு கிளம்பியதும் செருப்பைக் கழற்றிப் பலகையில் காலை வைத்தேன். வெயிலில் பலகை சுட்டது. உடனே செருப்பை மாட்டிக்கொண்டேன். ஐலண்டில் பெரிய கப்பல் ஒன்று நின்றது. அதன் வயிற்றுப் பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஆட்கள் சிவப்புச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அது என் கதையில் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே படகு ஐலண்டைத் தாண்டியது.

காற்று மாறியது. துப்பட்டியின் ஓரம் இதுவரை பின்னால் பறந்துகொண்டிருந்தது, சட்டென்று பக்கவாட்டில் அடித்தது. அதில் உப்பும் சேறும் கலந்த ஒரு வாசனை. நான் எழுதியிருந்தது அதேதான், ஒரு எழுத்து மாறவில்லை. நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த அம்மாள், "தலை கறங்குதா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். வேறு எப்படிச் சொல்வது?

அக்கரையில் நான் எழுதிய கல்பெஞ்சு இல்லை. இருந்த பெஞ்சுகள் எல்லாம் ரோட்டைப் பார்த்து இருந்தன. தூங்குமூஞ்சி மரம் ஒன்றின் கீழ் நின்றபடியே தண்ணீரைப் பார்த்தேன். சர்பத் கடையில் ஆண்கள் நின்றார்கள். என் கதையில் அவள் ஆற அமர ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். நான் ஒரே மடக்கில் குடித்துப் புரை ஏறி இருமினேன். என்னைவிட அவள் தைரியசாலி. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அல்வா வாங்கிக்கொண்டு துறைக்குத் திரும்பினேன். இந்தத் தடவை டிக்கெட் ஜன்னலுக்குத்தான் முதலில் போனேன்.

திரும்பும் படகில் எதிர் பெஞ்சில் ஒரு பெண் மூடிபோட்ட கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கூடைக்குள் பூனை. மட்டாஞ்சேரியில் யாரோ சொந்தக்காரர் வேலை செய்யும் பண்டகசாலையில் எலி தொல்லையாம், அங்கே விடக் கொண்டுபோகிறாள். வழியெல்லாம் மூடியைக் கொஞ்சம் திறந்து அதற்குப் புத்திமதி சொல்லிக்கொண்டே வந்தாள். போற இடத்தில் பாலுக்கு அடம் பிடிக்கக் கூடாது, சாக்குமேல் மூத்திரம் போகக் கூடாது, முதலாளி திட்டினால் பதிலுக்குச் சீறக் கூடாது. சொல்லும்போது அவள் குரல் மெல்ல மெல்ல இறங்கியது. கல்யாணமாகிப் போகிற பெண்ணிடம் சொல்வது மாதிரியே இருந்தது. அவள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், பூனையை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்க் கதவைத் திறக்கும்போது என்ன செய்வாள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அவளுக்கு ஒரு வீடு கிடைத்தது. வீட்டுக்கு ஒரு பின்கட்டு கிடைத்தது. பின்கட்டில் கவிழ்த்து வைத்த ஒரு கிண்ணம்.

நிமிர்ந்து பார்த்தபோது எதிர் பெஞ்சு காலி. பூனைக்காரி இறங்கிவிட்டிருந்தாள். மட்டாஞ்சேரித் துறை பின்னால் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. படகுக்காரன் சத்தம் போட்டு ஊர்ப்பெயர் சொல்லித்தான் இருப்பான், என் காதில் விழவில்லை. அடுத்த துறையான கோட்டைக் கொச்சியில் இறங்கி, அல்வாப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு கல்வத்தி வழியாக நடந்தே வந்தேன். வழியில் ஒரு இடத்தில் நின்று, துப்பட்டிக்குள் வாய்க்குள்ளேயே பூனைக்காரியின் கதைக்கு முதல் வரியைச் சொல்லிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

வீட்டுக்காரர் கடையில் யாருக்கோ புளி நிறுத்துக்கொண்டிருந்தார். ஆள் போகட்டும் என்று ஓரமாக நின்றேன்.

"வந்துட்டியா? சாயா குடிச்சியா?"

"சர்பத் குடிச்சேன். என்னங்க, டிக்கெட்டைக் கரையில வாங்கணுமாம். நான் படகுல வாங்கற மாதிரி எழுதிட்டேன்."

"அது தெரியும். படிச்சப்பவே பார்த்தேன்."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

அவர் தராசுத் தட்டைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். "அந்த ஆளு கையில மசி, அவகிட்ட ஒரு கேள்வி கேட்டான், இதெல்லாம் எழுதியிருந்தே. அவனைப் படகுல இருந்து எறக்கிவிட மனசு வரல" என்றார்.

மாமி அல்வாவைத் தின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். சுட்ட பலகை, சிவப்புச் சாயம், புரை ஏறியது, ஒன்றையும் விடாமல் சொன்னேன். பூனைக்காரியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதை எழுதி முடித்துத்தான் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் லுஹர் தொழுததும் பலகையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். அந்தக் கதை முடிய ரொம்ப நாள் பிடித்தது. இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பின, மூன்றாவது போட்டது. ஆனால் அன்று மத்தியானம், மாமி தூங்கிக்கொண்டிருக்க, பூனையின் கிண்ணத்தை அவள் எங்கே எடுத்து வைப்பாள் என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அப்போது எனக்கு வேறு ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை.